ரெண்டு நாள் வாடகை விர்ட்டூஸ்... திங்கக்கிழமை நம்ம ஸ்விஃப்ட்! நிஜமான வித்தியாசம் எது?

கல்யாண சீஸனோ, ரம்ஜான் லீவோ வந்துட்டா ஆம்பூர், வாணியம்பாடி, திருப்பத்தூர் பக்கம் ஒரு காட்சியைத் தவறாமப் பார்க்கலாம். சொந்தக் கார் வீட்டு வாசல்லயே நிக்கும். பெங்களூருலயோ சென்னையிலயோ வாடகைக்கு எடுத்த பளபளப்பான செடான் ஒண்ணு தெருவுக்குள்ள நுழையும். மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு, ஏலகிரி ரவுண்டுக்கு, சொந்தக்காரங்க முன்னாடி ஒரு கெத்துக்கு. தப்பே இல்லை.

பிரச்னை ஆரம்பிக்கிறது திங்கக்கிழமை காலையில. ஷூ கம்பெனிக்குக் கிளம்ப உங்க பழைய ஸ்விஃப்ட்ல உட்கார்ந்து சாவியைத் திருகினா, என்னமோ சைக்கிள்ல ஏறின மாதிரி இருக்கும். ஆக்ஸிலரேட்டரை மிதிச்சா வண்டி யோசிச்சுட்டுத்தான் கிளம்புது. 'இதை எக்ஸ்சேஞ்ச்ல தள்ளிவிட்டுட்டு அந்த வண்டியையே வாங்கிட்டா என்ன?'னு மனசு கேட்கும். ஷோரூமுக்கு போன் போடுறதுக்கு முன்னாடி, நீங்க ரெண்டு நாளா அனுபவிச்சது காரோட குணமா, லீவோட குணமான்னு கொஞ்சம் பிரிச்சுப் பார்த்துடலாம்.

உதாரணத்துக்கு ஃபோக்ஸ்வாகன் விர்ட்டூஸ் ஜிடியை எடுத்துக்குவோம். 2022-ல வந்த கார். நம்ம பட்ஜெட்டுக்கு எட்டுற தூரத்துல 'ஸ்போர்ட்ஸ் செடான்'னு கூச்சப்படாமச் சொல்லக்கூடிய சில கார்கள்ல இதுவும் ஒண்ணு. இந்தப் பக்கம் 2021-ல இருந்து 2024 வரைக்கும் வித்த பெட்ரோல் ஸ்விஃப்ட். விர்ட்டூஸ்ல இருக்கிறது 1.5 லிட்டர் டர்போ இன்ஜின், 150 குதிரைசக்தி. ஸ்விஃப்ட்ல 1.2 லிட்டர், டர்போ கிடையாது, 90 குதிரைசக்தி. விளம்பரத்துல பெருசாப் போடுறது இந்த எண்ணைத்தான். ஆனா, உங்க வலது கால் உணர்ந்தது இதை இல்லை.

கால் உணர்றது டார்க். அதாவது இழுவை. ஸ்விஃப்ட்டோட அதிகபட்ச இழுவை 113 நியூட்டன் மீட்டர். அதுவும் இன்ஜின் 4,400 ஆர்பிஎம்முக்கு ஏறினாத்தான் முழுசாக் கிடைக்கும். விர்ட்டூஸ் ஜிடியில 250. அது 1,600 ஆர்பிஎம்லயே வந்து, 3,500 வரைக்கும் அப்படியே நிக்கும். முந்நூறு கிலோவுக்கு மேல எடை அதிகமா இருந்தும் அந்தக் கார் பாய்ஞ்சது இதனாலதான். ஸ்விஃப்ட்ல மூணாவது கியருக்கு இறக்கி, இன்ஜினைக் கத்தவிட்டு வாங்குற வேலையை, டர்போ இன்ஜின் சத்தமில்லாமச் செஞ்சுடும்.

சரி, இந்த இழுவை உங்க ஊர் ரோட்டுல எங்கெல்லாம் பயன்படும்? சென்னை - பெங்களூரு ஹைவேல பெருசாப் பயன்படாதுங்கிறது என் கணிப்பு. பள்ளிகொண்டாவுல இருந்து நாட்றம்பள்ளி வரைக்கும் அகலமான ரோடு. லாரியைத் தாண்ட எதிர்ல பஸ் வருதான்னு பார்க்க வேண்டியதே இல்லை. சீரான வேகத்துல ஸ்விஃப்ட்டும் போகும், விர்ட்டூஸும் போகும். நீளமான வீல்பேஸ் இருக்கிறதால விர்ட்டூஸ் பெரிய வேகத்துலயும் அலையாம ஓடும், கேபின்ல சத்தம் குறைவு; பெங்களூரு போய் இறங்கும்போது முதுகு அதை ஒத்துக்கும். அவ்வளவுதான். வேகத்துல அனுமதிச்ச அளவுக்கு மேல ஒண்ணும் செய்யப்போறதில்லையே.

ஆனா, திருப்பத்தூர்ல இருந்து சிங்காரப்பேட்டை, செங்கம் வழியா திருவண்ணாமலை போறீங்கன்னு வைங்க. அங்கே கதை வேற. முன்னால கரும்பு லோடு, எதிர்ல பஸ், நடுவுல கிடைக்கிறது சில விநாடிகள். அந்தச் சில விநாடியில அறுபதுல இருந்து தொண்ணூறுக்குப் போற இழுவை ஆடம்பரம் இல்லை, பாதுகாப்பு. நீங்க மாசத்துல பாதி நாள் இந்த மாதிரி இருவழிச் சாலையில ஓடுறவர்னா, டர்போ கார் மேல வந்த ஆசைக்கு நியாயம் இருக்கு.

ஏலகிரி இன்னொரு பரீட்சை. பொன்னேரியில இருந்து 14 கொண்டை ஊசி வளைவு. பாரதியார், கம்பர், பாரின்னு வளைவுக்கு ஒரு பேர் வெச்சிருப்பாங்க. நாலு பேரும் லக்கேஜும் ஏசியுமா ஸ்விஃப்ட்ல ஏறும்போது, வளைவுல ரெண்டாவது கியர்ல இருந்து மூணாவது மாத்தினதும் வண்டி சோர்ந்துபோகும். இதுக்கு இன்னொரு காரணமும் உண்டு. மேல போகப்போக காத்து மெலிசாகும். டர்போ இல்லாத இன்ஜின் நூறு மீட்டர் உயரத்துக்குச் சுமாரா ஒரு சதவிகிதம் பலத்தை இழக்கும். ஏலகிரி சுமார் 1,100 மீட்டர். கணக்கு நீங்களே போட்டுக்கங்க. டர்போ காத்தை அழுத்தி உள்ளே தள்ளுறதால அந்த இழப்பு பெரும்பாலும் தெரியாது.

ஏறுறது சுகம். இறங்கும்போதுதான் வாடகைக் காரோட ஆபத்து இருக்கு. தினமும் மேனுவல் கியர் ஓட்டுறவர் ஆட்டோமேட்டிக்ல உட்கார்ந்தா, இடது கால் சும்மா இருக்காது. பழக்கத்துல கிளட்ச்னு நினைச்சு பிரேக்கை முழுசா அழுத்திடும். பின்னாடி வர்றவர் உங்க டிக்கியில இருப்பார். இடது காலை ஃபுட்ரெஸ்ட்ல ஊன்றி வெச்சுக்கங்க. முதல் அரைமணி நேரத்தை ஆள் நடமாட்டம் இல்லாத ரோட்டுல ஓட்டிப் பழகுங்க. இன்னொண்ணு, மலை இறக்கத்துல 'டி'யிலயே விட்டா, பெட்ரோலை மிச்சம் பிடிக்கிறேன்னு கியர்பாக்ஸ் மேல் கியருக்குப் போகும். வண்டியைப் பிடிச்சு நிறுத்துற முழு வேலையும் பிரேக் தலையில விழும். நாலஞ்சு வளைவுல கருகின வாடை வரும். மேனுவல் மோடுக்கு மாத்தி, ரெண்டாவது மூணாவது கியர்ல இன்ஜினையே பிரேக்கா வெச்சு இறங்கணும். ஸ்விஃப்ட்ல இதை நீங்க யோசிக்காமலே செய்வீங்க.

இப்போ ஊருக்குள்ள வாங்க. விர்ட்டூஸ், ஸ்விஃப்ட்டைவிட எழுபது சென்டிமீட்டர் நீளம். கல்யாண வீட்டு வாசல்ல அது அழகு. ஆம்பூர் பஜார் சந்துல ரிவர்ஸ் எடுக்கும்போது அந்த எழுபதும் ஒவ்வொரு சென்டிமீட்டராக் கண்ணுல தெரியும். ஷிஃப்ட் விடுற நேரத்துல ஆட்டோ, டூ வீலர், கம்பெனி பஸ் எல்லாம் ஒண்ணா ஊர்ந்துபோகும்போது டூயல் கிளட்ச் கியர்பாக்ஸுக்கும் சங்கடம்தான். உள்ளுக்குள்ள இருக்கிறதும் கிளட்ச்தானே? ஆமை வேகத்துல பிடிச்சு விட்டு, பிடிச்சு விட்டுச் சூடாகும். முன்னாடி வண்டி ஒரு அடி நகர்ந்ததும் ஒரு அடி நகர்த்தாம, கொஞ்சம் இடைவெளி விட்டு ஒரேடியா நகர்த்துறது நல்லது. அந்த இடைவெளியில நம்ம ஊர்ல யாராவது டூ வீலரை நுழைக்காம இருக்கணும்!

சீட்டைப் பத்தியும் ஒரு வார்த்தை. 'லெதர் சீட்டு, சும்மா வழுக்குது'ன்னு குழந்தைங்க சொல்லும். தோல் பதனிடுறதையே தொழிலா வெச்சிருக்கிற ஊருக்கு நான் இதைச் சொல்லக் கூடாது. ஆனாலும் ஷோரூம் மயக்கத்துல மறந்துடுவோம்: இந்த விலையில வர்ற கார் சீட்டுல பெரும்பகுதி லெதரெட். துணி மேல பிளாஸ்டிக் பூச்சு, அதுல தோல் மாதிரி அச்சு. ஒரே மாதிரி புள்ளிகள் வரிசையாத் திரும்பத் திரும்ப வந்தா அது அச்சு. நிஜத் தோல்ல ரேகை ஓரிடம் மாதிரி இன்னோரிடம் இருக்காது. சித்திரை வெயில்ல ரெண்டு மணி நேரம் நின்ன கார்ல ஏறிப் பாருங்க, உங்க ஸ்விஃப்ட்டோட துணி சீட்டு எவ்வளவு நல்ல பிள்ளைன்னு தெரியும். காத்து ஊதுற சீட் இருக்கிற மாடல்னா இந்தக் குறை பாதி தீரும்.

திங்கக்கிழமை சோர்வுக்கு இன்னொரு காரணமும் இருக்கு, யாரும் கவனிக்கிறதில்லை. நீங்க ஒப்பிட்டது ரெண்டு காரை மட்டும் இல்லை. ஒரு புது வண்டியையும், அஞ்சு வருஷமாக் கவனிக்காம விட்ட வண்டியையும்தான். டயர் பக்கவாட்டுல நாலு இலக்க எண் ஒண்ணு இருக்கும். முதல் ரெண்டு வாரம், அடுத்த ரெண்டு வருஷம். '2319'னா 2019-ம் வருஷம் 23-வது வாரம் செஞ்சது. அப்படியொரு டயர்ல ஓடுற கார் இரைச்சல் போடத்தான் செய்யும். பட்டன் இன்னும் தேயலையேன்னு பார்க்காதீங்க, ரப்பர் இறுகிப்போயிருக்கும். டயர், அலைன்மென்ட், ஷாக் அப்சார்பர், ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக். இதையெல்லாம் சரிபண்ணிட்டு அதே ஏலகிரிக்கு ஸ்விஃப்ட்டை ஒரு தடவை ஏத்திப் பாருங்க. இழுவை கூடாது. வீல்பேஸ் நீளாது. ஆனா, 'இந்த வண்டி போதாது'ன்னு நீங்க நினைச்சதுல ஒரு பங்கு காணாமப்போயிருக்கும். மிச்சம் இருக்கிறதுதான் நிஜமான வித்தியாசம். அதுக்கு மட்டும் காசு கொடுக்கலாமான்னு யோசிங்க.

காசுன்னு வந்துட்டா, ஒரு கணக்கு. 12 லட்சம் கடன், 9 சதவிகித வட்டி, ஏழு வருஷம்னு வெச்சுக்குவோம். மாசத் தவணை சுமார் 19,300 ரூபாய். ஏழு வருஷ முடிவுல வட்டி மட்டுமே 4 லட்சத்து 20 ஆயிரத்துக்கு மேல. வருஷத்துக்குச் சராசரியா 60,000. அந்த மாதிரி கார் வாடகை ஒரு நாளைக்கு 5,000 ரூபாய்னு வெச்சா, நீங்க கட்டுற வட்டியில மட்டுமே வருஷத்துக்கு 12 நாள் அந்தக் காரை ஓட்டலாம். காரோட விலை தேயுறது, இன்ஷூரன்ஸ், சர்வீஸ் எல்லாம் இந்தக் கணக்குல வரவே இல்லை. போன வருஷம் எத்தனை நாள் உங்களுக்கு நிஜமாவே பெரிய கார் தேவைப்பட்டது? ரெண்டு கல்யாணம், ஒரு திருப்பதி, ஒரு ஏலகிரின்னு பத்து நாளுக்குள்ள முடிஞ்சா, வாடகையே லாபம். வேலை விஷயமா வாரம் ரெண்டு தடவை சென்னைக்கோ ராணிப்பேட்டைக்கோ ஓடுறவங்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவங்க வாங்கட்டும்.

ஆனா, 'வாடகையே லாபம்'னு சொன்னதுக்கு ஒரு கண்டிஷன் இருக்கு. நான் இந்தக் கட்டுரையை எழுத வந்ததே அதுக்காகத்தான்.

ஓன் போர்டா, கறுப்பு போர்டா?

முறையான செல்ஃப் டிரைவ் காரோட நம்பர் பிளேட் கறுப்பு. எழுத்து மஞ்சள். மத்திய அரசோட 1989-ம் வருஷ 'ரென்ட் ஏ கேப்' திட்டத்துல லைசென்ஸ் வாங்கின நிறுவனத்தோட வண்டி அது. அந்த லைசென்ஸுக்குக் குறைஞ்சது 50 கார் வெச்சிருக்கணும்னு விதி. அதனால பெரிய ஊர்கள்லதான் அதிகம் கிடைக்கும். நம்ம ஊர்ல சுலபமாக் கிடைக்கிறது எது? 'அண்ணே, நம்ம பையன்கிட்ட ஒரு வண்டி சும்மாதான் நிக்குது, நாளைக்கு மூவாயிரம் கொடுங்க போதும்'னு வர்ற வெள்ளை பிளேட் ஓன் போர்டு வண்டி.

ஃபிரெண்ட் காரை ஓசிக்கு வாங்கி ஓட்டுறதுல பிரச்னை இல்லை. காசு கை மாறினதும் கதை மாறிடும். ஓன் போர்டு காரோட இன்ஷூரன்ஸ் பாலிசியை எடுத்துப் படிங்க, 'வாடகைக்கோ கட்டணத்துக்கோ பயன்படுத்தக் கூடாது'ன்னு இருக்கும். விபத்துன்னு வந்து, வாடகைக்கு எடுத்ததுன்னு தெரிஞ்சா, வண்டி ரிப்பேருக்குக் கம்பெனி கை விரிச்சுடலாம். அடிபட்டவருக்குக் கோர்ட் உத்தரவுப்படி கம்பெனி முதல்ல பணம் கொடுத்தாலும், அதை உரிமையாளர்கிட்ட வசூல் பண்ண வழி இருக்கு. உரிமையாளர் அடுத்து யார் வீட்டுக் கதவைத் தட்டுவார்? போதாததுக்கு, பெர்மிட் இல்லாம வாடகைக்கு ஓட்டினா மோட்டார் வாகனச் சட்டம் 192ஏ பிரிவுல முதல் தடவைக்கே பத்தாயிரம் ரூபாய் அபராதம், ஆறு மாசம் வரைக்கும் சிறை. வண்டியைக் கொடுத்தவருக்கு மட்டும் இல்லை, ஓட்டினவருக்கும்தான். நாளைக்கு ஆயிரம், ரெண்டாயிரம் மிச்சம் பிடிக்கப்போய் குடும்பத்தை ஏத்திக்கிட்டு இந்த ரிஸ்க் தேவையா?

கறுப்பு போர்டுன்னாலும் சாவியை வாங்குறதுக்கு முன்னாடி நாலு கேள்வி கேளுங்க. வெளி மாநில நம்பர்னா தமிழ்நாட்டுக்கு பெர்மிட் இருக்கா, அத்திப்பள்ளியில நிறுத்தினா பணம் யார் கட்டணும்? ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர், தாண்டினா எவ்வளவு? வேகக் கட்டுப்பாட்டுக் கருவி பூட்டியிருக்கா? இருந்தா, ஸ்போர்ட்ஸ் செடானுக்குக் கொடுக்கிற வாடகை பாதி வீண். கடைசியா, இடிச்சா உங்க பங்கு எவ்வளவு? டெபாசிட்டுக்கு ஒரிஜினல் ஆதாரையோ, கையெழுத்துப் போட்ட வெற்று செக்கையோ கேட்டா கொடுக்காதீங்க. காரைச் சுத்தி, பம்பருக்கு அடியில, நாலு வீல் ரிம்மையும் சேர்த்து ஒரு வீடியோ எடுத்துக்கங்க.

பிளேட்டை மட்டும் நம்பாதீங்க, ஸ்டிக்கர் ஒட்டுறது அஞ்சு நிமிஷ வேலை. எம்பரிவாகன் ஆப்ல வண்டி நம்பரைப் போடுங்க. வாகன வகைன்னு ஒரு வரி வரும். 'மோட்டார் கேப்'னு இருந்தா அட்வான்ஸ் கொடுங்க. 'மோட்டார் கார்'னு இருந்தா, டயரையும் அலைன்மென்ட்டையும் பார்த்துட்டு நம்ம ஸ்விஃப்ட்லயே ஏலகிரி ஏறிட்டு வந்துடுங்க.