ஆப் கோடைக் குழப்பி வைத்தால் ஹேக்கரிடம் இருந்து தப்பிக்கலாமா?

ஆண்ட்ராய்டு ஆப் ஒன்றைப் பிரித்துப் படிக்க இலவச டீகம்பைலர் டூலே போதும். படிப்பவரைத் திணற வைக்கத்தான் ‘அப்ஃபஸ்கேஷன்’.

கூகுளின் ஆர்8 டூலை ஆன் செய்தால், ‘செக்பாஸ்வேர்ட்’ போன்ற பெயர்கள் வெறும் ‘ஏ’, ‘பி’ என மாறிவிடும். ஆப் வழக்கம்போல ஓடும். படிப்பவருக்குத்தான் தலை சுற்றும்.

ஆனால், இது தாமதப்படுத்துமே தவிர, தடுக்காது. கோடுக்குள் எழுதிவைத்த ஏபிஐ கீயை ஆர்8 மறைக்காது. தேடினால் அப்படியே கிடைக்கும். அது பேமென்ட் கேட்வேயின் ரகசிய கீ என்றால்? பொருளை வாங்கியவரே ரீஃபண்டையும் போட்டுக்கொள்ளலாம்!

என்ன செய்யலாம்? ரிலீஸுக்கு முன் ஆர்8-ஐ ஆன் பண்ணுங்க. ரகசிய கீ, விலைக் கணக்கு எல்லாம் சர்வரிலேயே இருக்கட்டும். ஏற்கெனவே ஆப்பில் கீ போய்விட்டதா? முதல் வேலையாக அதை மாற்றிடுங்க.