எரிகா மலர்களும் எங்கள் கரிசல் மண்ணும்

வசந்தத்தில் பூத்துக் குலுங்கும் எரிகாச் செடிகளின் வண்ணப் படங்களைக் கண்டு, ‘நம் முற்றத்திலும் இரண்டு வைத்தால் என்ன?’ என்று எண்ணாத தோட்டப் பிரியர் அரியர். நண்பர்களே! செடியை விலை கேட்குமுன் மண்ணைக் கேட்டுவிடுவோம்.

எரிகாவில் எண்ணூறுக்கு மேற்பட்ட இனங்கள் உண்டு. அவற்றுள் பெரும்பாலானவை தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதிக்கு உரியவை. ஐரோப்பியத் தோட்டங்களில் குளிர்காலம் கழியும்போதே பூக்கத் தொடங்குவது ஆல்ப்ஸ் மலையின் எரிகா கார்னியா. தரையில் படர்ந்து வெண்மையாகப் பூப்பது ‘ஸ்பிரிங்வுட் ஒயிட்’. ஆழ்ந்த சிவப்பு வேண்டுவோர்க்கு ‘மைரடவுன் ரூபி’.

இக்குடும்பச் செடிகளின் வேர், மயிரினும் மெல்லியது. அதனுள் ஒருவகைப் பூஞ்சை குடியிருந்து, மக்கிய இலைமண்ணிலிருந்து தழைச்சத்தை எடுத்துக் கொடுக்கிறது. புளிப்பு மண்ணில் இக்கூட்டு வாழ்வு செழிக்கும். சுண்ணாம்பு மிகுந்த மண்ணிலோ இரும்புச்சத்து கரையாமல் முடங்கிவிடுகிறது. நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, இலை மஞ்சளாகிச் செடி மடிகிறது. ஐயம் உள்ளவர் ஒரு பிடி மண்ணில் காடியை ஊற்றிப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு உண்டு!

கேரளம் எங்கும் புளிப்பு மண்தானே என்பீர்கள். எங்கள் வடகரப்பதி உள்ளிட்ட சிற்றூர் வட்டத்துக் கிழக்குப் பகுதி விலக்கு. அங்கே கரிசல் உண்டு. சுண்ணாம்புச் சத்தும் உண்டு. நிலக்கடலைக்கு உகந்த பூமி, எரிகாவுக்கு ஆகாது. கார்னியா ஓரளவு சுண்ணாம்பைத் தாங்கும் என்பது உண்மையே. பங்குனி வெயிலைத் தாங்குமா? தாங்காது. பணத்தைப் பாழாக்க வேண்டாம்.

மூணாற்றின் கதை வேறு. தேயிலை தழைக்கும் மண் எரிகாக் குடும்பத்துக்கும் ஏற்ற மண். அக்குடும்பத்தின் நம் வீட்டுப் பிள்ளை அங்கேயே நிற்கிறது: செந்நிறக் கொத்தாய்ப் பூக்கும் ரோடோடென்ட்ரான், மலைமக்கள் வாயில் காட்டுப்பூவரசு. ஆனைமுடியை உள்ளடக்கிய இரவிகுளம் 1978இல் தேசியப் பூங்காவாயிற்று. அங்கிருந்து பிடுங்கிவருவது குற்றம். பிடுங்கினாலும் பயன் இல்லை. வேரோடு இருந்த பூஞ்சையும் மண்ணும் அறுந்தபின் செடி பிழைப்பது கடினம்.

அயல் இனங்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை. நியூசிலாந்தில், எரிகாவின் உறவான கலூனாவை 1912 முதல் காட்டுக்கோழி வேட்டைக்காக விதைத்தார்கள். இன்று டொங்காரிரோ தேசியப் பூங்காவில் அது அடங்காத களை. சீகைமரத்தால் புல்வெளியை இழந்த நம் மலைகளுக்கு மற்றொரு படையெடுப்பு தேவையா? ஆகவே மலைவாழ் நண்பர்கள் எரிகாவைத் தொட்டியோடு நிறுத்துவதே என் கருத்து. நிலத்தில் நட வேண்டுமானால், நாற்றங்காலில் விதையிலிருந்து வளர்த்த காட்டுப்பூவரசைக் கேட்டு வாங்குங்கள். சரிவான இடம் தேருங்கள். நீர் தேங்கினால் வேர் அழுகும். தூரைச் சுற்றி இலைமக்கு இடுங்கள். கொத்திக் கிளற வேண்டாம், வேர் மேலாகவே ஓடும். கிணற்று நீரில் சுண்ணாம்பு இருந்தால் மழைநீரைப் பிடித்து வைத்து ஊற்றுங்கள்.