மூன்று வரியில் ஒரு குட்டு

கடன் வாங்கும் நாளில் விருந்து சாப்பிட்ட சுகம். கொடுத்தவன் வாசலில் வந்து நிற்கும் நாளில் எலும்பு முறிந்த வேதனை. மனித சுபாவம் பற்றிய சர்வக்ஞரின் கணிப்பு இது. 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவர் என்று பலரும் கருதும் இந்தக் கன்னடக் கவிஞரின் கிண்டல், மாதத் தவணை யுகத்திலும் பழசாகிவிடவில்லை.

சர்வக்ஞர் என்றால் 'எல்லாம் அறிந்தவர்' என்று பொருள். கர்வத்தில் சூட்டிக்கொண்ட பெயரோ என்று சந்தேகிப்பவர்களுக்கும் அவரிடம் பதில் இருக்கிறது: ஆளுக்கொரு சொல்லாகக் கற்றுக்கொண்டதில் சேர்ந்த அறிவுதானாம் அது. தந்தை பிராமணர், தாய் குயவர் குலம் என்கிறது கர்ண பரம்பரைக் கதை. பிச்சை ஓட்டுடன் ஊர் ஊராக அலைந்தவர், தாழ்ந்த சாதி என்று ஒதுக்கப்பட்டவன் வீட்டு விளக்கின் வெளிச்சமும் தாழ்ந்ததா என்று கேட்டார். இன்று சாதிச் சங்கங்கள் அவருக்கு விழா எடுக்கின்றன. அவர் இருந்தால் அதற்கும் மூன்று வரி எழுதியிருப்பார்.

மூன்றே வரிதான் அவர் கணக்கு. 'திரிபதி' என்ற இந்த யாப்பு, திரிகை சுற்றும்போது கன்னடப் பெண்கள் பாடிய பாட்டின் யாப்பும்கூட. அதனால் படிப்பறிவு இல்லாதவர்களின் நாவிலும் அது எளிதில் ஏறியது. முடிவில் முத்திரையாக அவர் பெயர். வாய்மொழியாகப் பரவிய இந்த வசனங்களைத் தேடித் திரட்டி 1924இல் புத்தகமாக்கியவர் உத்தங்கி சென்னப்பா என்ற கிறிஸ்தவப் பாதிரியார். சிவபக்தரின் பாடல்களைக் காப்பாற்ற மதம் குறுக்கே நிற்கவில்லை.

மொழிதான் நின்றது. பெங்களூர் அல்சூர் ஏரிக்கரையில் 1991இல் நிறுவப்பட்ட திருவள்ளுவர் சிலை, எதிர்ப்பு காரணமாக 18 ஆண்டுகள் மூடியே கிடந்தது. கடைசியில் இரு மாநில அரசுகளும் ஒரு பண்டமாற்றுக்கு வந்தன. 2009 ஆகஸ்ட் 9இல் அங்கே வள்ளுவர். நான்கு நாள் கழித்து சென்னை அயனாவரத்தில் சர்வக்ஞர். பிறர் தந்த சொல்லையெல்லாம் கூச்சமில்லாமல் வாங்கிக்கொண்டவருக்கு இப்படி ஒரு பேரம்!

சிலைகள் இடம் பிடித்துவிட்டன. சொற்கள்தான் இன்னும் எல்லை தாண்டவில்லை. கன்னடத்தில் பிள்ளைகளுக்கும் தெரிந்த பெயர் இங்கே பலருக்கு ஒரு பூங்காச் சிலை மட்டுமே. அயனாவரம் வழியாகப் போகிறவர்களுக்கு அந்தக் கடன் வசனமாவது தெரிந்தால்தான் பண்டமாற்று நேராகும்.