கல்லாய்ச் சமைந்த காடு
பெட்ரிஃபைட் ஃபாரஸ்ட் தேசியப் பூங்கா, அரிசோனா

எதிரே கிடப்பவை மரங்களைப் போலத் தோன்றும். தொட்டால் குளிர்ந்த குவார்ட்ஸ் கல்.

20 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு, இந்த வறண்ட நிலத்தில் ஆறுகள் பாய்ந்தன. சாய்ந்த மரங்களை ஆற்று வண்டல் மூடியது; காற்றுப் புகாததால் அவை எளிதில் மக்கவில்லை. எரிமலைச் சாம்பலிலிருந்து நிலத்தடி நீரில் கரைந்த சிலிக்கா மரத்துக்குள் ஊறி, இறுகிக் கல்லானது. சிவப்பும் மஞ்சளும் இரும்பு தந்த நிறங்கள்.

வாளால் அறுத்தவை போன்ற துண்டுகளை யாரும் அறுக்கவில்லை. நிலம் மேலெழுந்தபோது கல்மரங்கள் தாமே பிளந்தன.

வடக்கே, பழைய 66ஆம் நெடுஞ்சாலைத் தடத்தில் 1932ஆம் ஆண்டு ஸ்டூடிபேக்கர் கார் ஒன்று துருவேறி நிற்கிறது. அதையும் பார்த்துச் செல்லுங்கள்.

கல்மரத்தின் ஒரு சில்லைக்கூட எடுத்துச் செல்வது சட்டப்படி குற்றம்.