ஐந்து எழுத்தில் ஒரு நடனம்: அமெரிக்க டாங்கோ பற்றி ஒரு குறிப்பு

யூடியூபில் டாங்கோ என்று தேடிப் பாருங்கள். மூன்று விதமான வீடியோக்கள் வரும். முதலாவதில் ஒரு ஜோடி மார்போடு மார்பு சாய்ந்து, பாதி கண்ணை மூடிக்கொண்டு, கூட்டத்துக்கு நடுவே மெதுவாக நடந்துகொண்டிருக்கும். இரண்டாவதில் வால் கோட்டும் நீண்ட கவுனும் போட்ட ஜோடி, பிடித்த பிடியை விடாமல், தலையை வெடுக் வெடுக்கென்று திருப்பியபடி அரங்கைச் சுற்றி வரும். மூன்றாவது ஜோடியும் கிட்டத்தட்ட அப்படித்தான் ஆரம்பிக்கும். ஆனால் பாதியில் பிடியை விட்டுப் பிரியும், பக்கத்தில் பக்கத்தில் நின்று ஆடும், கைக்குக் கீழே ஒரு சுற்று சுற்றி மறுபடி சேர்ந்துகொள்ளும்.

மூன்றுக்கும் பெயர் டாங்கோதான். முதலாவது அர்ஜென்டினா டாங்கோ. இரண்டாவது இங்கிலாந்தில் வரையறுக்கப்பட்டு இன்று 'இன்டர்நேஷனல் ஸ்டைல்' என்று அழைக்கப்படுவது. மூன்றாவது 'அமெரிக்கன் ஸ்டைல்'. இந்தக் கட்டுரை மூன்றாவதைப் பற்றியது.

அமெரிக்க டாங்கோவை நீர்த்துப்போன நகல் என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. கொஞ்ச நாளாக இதை நோண்டிக்கொண்டிருந்ததில் எனக்கு வேறு மாதிரி தோன்றுகிறது. முன்பின் ஆடியே இராத ஒருவருக்கு, முன்பின் தெரியாத ஒருவர் சொல்லிக்கொடுக்க வேண்டும். இந்த டாங்கோ அதற்காகவே மாற்றிக் கட்டப்பட்டது. அதன் நல்லதும் கெட்டதும் இந்த ஒரே நோக்கத்திலிருந்துதான் வருகின்றன.

துறைமுகத்திலிருந்து பாரிஸ் வழியாக

டாங்கோ பிறந்தது ரியோ டி லா பிளாட்டா ஆற்றின் இரு கரைகளில். ஒரு கரையில் அர்ஜென்டினாவின் புவெனஸ் அயர்ஸ், மறு கரையில் உருகுவேயின் மான்டிவிடியோ. காலம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதி. இத்தாலியிலிருந்தும் ஸ்பெயினிலிருந்தும் கப்பல் கப்பலாக வந்து இறங்கிய கூலிக்காரர்கள், அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் வாரிசுகள், நாட்டுப்புறத்திலிருந்து நகரத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் நெருக்கியடித்து வாழ்ந்த பகுதிகள் அவை. ஆப்பிரிக்க வம்சாவளியினரின் காந்தோம்பே, கியூபாவிலிருந்து வந்த ஹபனேரா, உள்ளூர் மிலோங்கா எல்லாம் அங்கே கலந்தன. டாங்கோவின் குரலாகவே ஆகிவிட்ட பாண்டோனியோன் வாத்தியம்கூட ஜெர்மனியிலிருந்து வந்ததுதான்.

ஊரின் கௌரவமான குடும்பங்கள் இதைக் கிட்டே சேர்க்கவில்லை. பாரிஸ் சேர்த்துக்கொண்டது. 1912, 1913 வாக்கில் பாரிஸிலும் லண்டனிலும் டாங்கோ பைத்தியமே பிடித்திருந்தது. சாயங்காலத் தேநீரோடு டாங்கோ ஆடும் 'டாங்கோ டீ' விருந்துகள் நடந்தன. ஜெர்மானியப் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம், சீருடையில் இருக்கும் அதிகாரிகள் டாங்கோ ஆடக்கூடாது என்று 1913-இல் தடையே போட்டார். ஐரோப்பா மெச்சிய பிறகுதான் சொந்த ஊரின் மேல்தட்டு வீட்டுக் கதவுகள் திறந்தன.

அமெரிக்காவில் நடந்த மாற்றம்

அமெரிக்காவுக்கு டாங்கோ வந்தது பெரும்பாலும் இந்தப் பாரிஸ் வழியாகத்தான். அதைப் பரப்பியதில் முக்கியமானவர்கள் வெர்னன் காஸில், ஐரீன் காஸில் என்ற தம்பதி. 1913-இல் பிராட்வேயில் 'தி சன்ஷைன் கேர்ள்' நாடகத்தில் அவர்கள் ஆடிய டாங்கோ பெரிய வரவேற்பைப் பெற்றது. நியூயார்க்கில் 'காஸில் ஹவுஸ்' என்ற நடனப் பள்ளி திறந்தார்கள். 1914-இல் 'மாடர்ன் டான்ஸிங்' என்று புத்தகம் போட்டார்கள். தோளைக் குலுக்காமல், இடுப்பை ஆட்டாமல், துள்ளாமல் வழுக்கிச் செல்ல வேண்டும் என்பது அவர்கள் சொல்லிக்கொடுத்த ஒழுங்கு. இந்த நடனத்தை எந்தக் குடும்பத்துப் பெண்ணும் ஆடலாம் என்று காட்டுவதுதான் அவர்கள் வேலை.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. காஸில் தம்பதிக்கு இசைக்குழு நடத்தியவர் ஜேம்ஸ் ரீஸ் யூரோப் என்ற கறுப்பினக் கலைஞர். 1912-இலேயே கார்னகி ஹாலில் தன் குழுவோடு கச்சேரி செய்தவர். கறுப்பர்களின் பங்கு இருக்கும் ஒரு நடனம், கறுப்பரின் இசைக்கு, 'மரியாதைப்பட்டதாக' மாற்றப்பட்டு வெள்ளையர் கூடங்களுக்குள் போனது. இந்த முரணை மறைத்துவிட்டு அமெரிக்க டாங்கோவின் வரலாற்றைச் சொல்ல முடியாது.

அடுத்த அலை சினிமா. 1921-இல் வந்த 'தி ஃபோர் ஹார்ஸ்மென் ஆஃப் தி அபோகலிப்ஸ்' படத்தில் ருடால்ஃப் வாலண்டினோ ஆடிய டாங்கோ அவரை உச்ச நட்சத்திரமாக்கியது. படத்தில் அவர் போட்டிருந்தது காவுச்சோ உடை. காவுச்சோ என்றால் பாம்பாஸ் புல்வெளியில் மாடு மேய்க்கும் குதிரை வீரன். டாங்கோவோ நகரத்துச் சந்துகளில் வளர்ந்தது. ஆனாலும் அந்தப் பிம்பம் நிலைத்துவிட்டது.

மூன்றாவது ஆள் ஆர்தர் மர்ரே. காஸில் ஹவுஸில் பயின்றவர். என் பார்வையில் இந்தக் கதையின் நிஜமான இன்ஜினியர் இவர்தான். 1920-களில் காலடித் தடங்களைக் காகிதத்தில் அச்சடித்து, நடனத்தைத் தபாலில் விற்றார். தடங்களைத் தரையில் பரப்பி, எண் வரிசைப்படி கால் வைத்தால் போதும். 1938-இலிருந்து அவர் பெயரில் உரிமம் பெற்ற கிளைகள் கிளம்பின. ஃப்ரெட் அஸ்டேர் பெயரிலான பள்ளிகள் 1947-இல் தொடங்கின. நூறு ஊரில் நூறு ஆசிரியர்கள் ஒரே மாதிரி சொல்லிக்கொடுக்க வேண்டும் என்றால் எழுதிவைத்த பாடத்திட்டம் வேண்டும். பிரான்ஸ், சில்வர், கோல்டு என்று இன்றும் பள்ளிகளில் இருக்கும் படிநிலைகள் அந்தத் தேவைக்கானவை.

அந்த ஐந்து எழுத்து

சரி, ஆட்டத்துக்கு வருவோம். டாங்கோ என்ற ஆங்கிலச் சொல்லின் ஐந்து எழுத்துகள்தான் அமெரிக்க டாங்கோவின் அடிப்படை அடவு. வழிநடத்துபவரின் கால்கள் இப்படிப் போகும்:

டி: இடது கால் முன்னே. மெது, 2 தட்டு.
ஏ: வலது கால் முன்னே. மெது, 2 தட்டு.
என்: இடது கால் முன்னே. வேகம், 1 தட்டு.
ஜி: வலது கால் வலப் பக்கம். வேகம், 1 தட்டு.
ஓ: இடது காலை வலது காலருகே மெல்ல இழுத்துச் சேர்க்க வேண்டும், எடை போடாமல். மெது, 2 தட்டு.

எதிரில் இருப்பவருக்கு இதன் கண்ணாடிப் பிம்பம்: வலது காலில் தொடங்கிப் பின்னால் மூன்று அடி, இடது கால் பக்கத்தில், வலது காலை இழுத்துச் சேர்த்தல்.

மொத்தம் 8 தட்டு. இசை நான்கு தட்டுக்கு ஒரு 'பார்' என்று போவதால், சரியாக இரண்டு பார். பாட்டின் வரிகள் பெரும்பாலும் எட்டு எட்டு பார்களாக அமைவதால், நான்கு தடவை ஆடினால் வரியும் அடவும் ஒன்றாக முடியும். இது எல்லா நடனத்திலும் அமைவதில்லை. அமெரிக்க ஃபாக்ஸ்ட்ராட்டின் தொடக்க அடவு மெது, மெது, வேகம், வேகம் என்று 6 தட்டில் முடிந்துவிடும். அதாவது ஒன்றரை பார். புதிதாக ஆடுபவர் பாட்டின் தொடக்கம் எங்கே, தன் தொடக்கம் எங்கே என்று குழம்பிவிடுவார். டாங்கோவில் அந்தக் குழப்பம் குறைவு. நிமிடத்துக்குச் சுமார் 30 பார் வேகத்தில் ஒரு அடவுக்கு 4 விநாடி.

கடைசி எழுத்தில் எடை போடக்கூடாது என்பதுதான் சூட்சுமம். எடை வலது காலிலேயே நிற்பதால் இடது கால் சும்மா இருக்கிறது; அடுத்த சுற்றை மறுபடி அதே இடது காலில் தொடங்கலாம். புரோகிராம் எழுதுபவர்களுக்கு உடனே புரியும்: ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் நிலை தொடக்க நிலைக்கே திரும்புகிறது.

கடைசி மூன்று எழுத்துகளைச் சேர்த்து 'டாங்கோ க்ளோஸ்' என்பார்கள். ஆரம்ப அடவுகள் பலவும் இதில்தான் முடியும். உதாரணமாக 'கோர்ட்டே': இடது காலைப் பின்னே வைத்து முழங்காலை மடித்துச் சாய்வது ஒரு மெது, வலது காலுக்குத் திரும்புவது ஒரு மெது, பிறகு அதே டாங்கோ க்ளோஸ். 'ப்ராமனாட்'டில் இருவரும் ஒரே திசையில் திரும்பி இரண்டு மெது அடி நடப்பார்கள், பிறகு அதே டாங்கோ க்ளோஸ். முதல் பாதியை மாற்றிக்கொண்டே போகலாம், முடிவு மாறாது.

இன்னும் சில விஷயங்கள். முழங்கால் ஆட்டம் முழுக்க லேசாக மடிந்தே இருக்கும். வால்ட்ஸ் போல உயர்ந்து தாழ்வது கிடையாது. காலைத் தேய்க்காமல் பூனை மாதிரி எடுத்து வைக்க வேண்டும். பிடி மற்ற நடனங்களைவிட நெருக்கம். கூடத்தில் எல்லோரும் கடிகாரத்துக்கு எதிர்த் திசையில் நகர்வார்கள்.

கிடைத்ததும் போனதும்

அர்ஜென்டினா டாங்கோவில் அடுத்த அடி என்ன என்று முன்கூட்டி எழுதி வைக்க முடியாது. இசையைக் கேட்டு, எதிராளியின் மூச்சைக் கேட்டு, அந்த நொடியில் முடிவு செய்ய வேண்டும். நடுவில் அப்படியே நிற்கவும் செய்யலாம். அமெரிக்க டாங்கோவில் இந்தச் சுதந்திரத்தில் பெரும்பகுதி போய்விட்டது. பதிலுக்குக் கிடைத்தது ஒரு பொது மொழி. அறிமுகமில்லாத இருவர் ஒரு கல்யாண விருந்தில் எழுந்து, அந்த எட்டுத் தட்டை நம்பி ஒரு பாட்டு முழுக்க ஆடிவிடலாம். ஒரு தொழிலாளியின் ஓய்வு நேரத்துக்குள் அடங்கும் டாங்கோ அது. இதைக் குறைத்து மதிப்பிட எனக்கு மனமில்லை.

ஆனால் சுலபமாகக் கற்றுக்கொள்ள முடிவதை விற்பவருக்கு ஒரு சிக்கல் உண்டு: மாணவர் சீக்கிரம் கற்றுவிட்டால் வியாபாரம் முடிந்துவிடும். 1968-இல் ஃபுளோரிடா மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு வந்த ஒரு வழக்கு அமெரிக்கச் சட்ட மாணவர்கள் இன்றும் படிப்பது. ஆர்தர் மர்ரே உரிமக் கிளை ஒன்றில் ஒரு பெண்மணிக்கு 'அபாரத் திறமை' இருப்பதாகப் புகழ்ந்து புகழ்ந்து, 2,302 மணி நேர வகுப்புகளை 31,090 டாலருக்கு விற்றிருக்கிறார்கள். உண்மையில் அவருக்குத் தாளம் பிடிபடவே கஷ்டம் என்பது அவர் தரப்பு வாதம். கீழ் நீதிமன்றம் தள்ளிவிட்ட வழக்கை, விசாரிக்கத்தான் வேண்டும் என்று மேல் நீதிமன்றம் திருப்பியது. விஷயம் தெரிந்தவர் தெரியாதவரிடம் சொல்லும் 'அபிப்பிராயம்' வெறும் அபிப்பிராயம் ஆகாது என்பது அதன் சாரம்.

2009-இல் யுனெஸ்கோ, அர்ஜென்டினாவும் உருகுவேயும் சேர்ந்து முன்வைத்த டாங்கோவை மனிதகுலப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அமெரிக்க டாங்கோவுக்கு அப்படி எந்தப் பட்டமும் இல்லை, அதற்குத் தேவையும் இல்லை. 'லா கும்பார்சிட்டா'வைப் போட்டுவிட்டு, ஹாலில் நாற்காலிகளை ஓரமாகத் தள்ளிவிட்டு, மேலே சொன்ன ஐந்து எழுத்தை நடந்து பாருங்கள். ஒரு மாலைக்குள் கால் பழகிவிடும். அழகாக ஆட வருஷக்கணக்கில் ஆகலாம். அதற்கு நல்ல ஆசிரியரும் தேவைதான். எது ஒரு மாலை வேலை, எது வருஷக்கணக்கு வேலை என்று தெரிந்துகொண்டு போனால், பணம் கட்டும் இடத்தில் என்ன கேட்க வேண்டும் என்பதும் தெரிந்திருக்கும்.