சிகரெட் பாக்கெட் எச்சரிக்கை: தெரிந்துகொள்ள வேண்டியவை

சிகரெட் பாக்கெட்டின் பெரும்பகுதியை ஏன் நோயாளியின் படம் அடைத்துக்கொண்டிருக்கிறது? சட்டம் அப்படி. இந்தியாவில் 2009-ல் பட எச்சரிக்கை வந்தபோது, முன்பக்கத்தில் 40 சதவீதம் போதும் என்றிருந்தது. 2016 ஏப்ரல் முதல் இரண்டு பக்கமும் 85 சதவீதம். பீடிக்கும் மெல்லும் புகையிலைக்கும் இதே விதிதான்.

எழுத்து மட்டும் போதாதா? போதாது. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் படம் புரியும். ‘உடல்நலத்துக்குக் கேடு’ என்று பொதுவாகச் சொன்னால் யாருக்கும் உறைப்பதில்லை. வாயில் புற்று வந்தவரின் முகத்தைக் காட்டினால், எந்த இடத்தில் என்ன வரும் என்பது தெரிகிறது.

படத்தை ஏன் மாற்றுகிறார்கள்? தினமும் ஒரே படத்தைப் பார்த்தால் கண் பழகிவிடும். படம் மாறினாலும் செய்தி மாறாது: புகையிலை ஆளைக் கொல்லும். சினிமாவில் புகைக்கும் காட்சியின் கீழே வரும் வரியும் இதையேதான் சொல்கிறது.

‘நான் ஃபில்டர் சிகரெட்தானே பிடிக்கிறேன்?’ என்று கேட்பீர்கள். ஃபில்டர் இருந்தாலும் நச்சுப்புகை நுரையீரலுக்குப் போகிறது. ‘லைட்’ சிகரெட் என்றால், நிகோடின் (பழக்கத்துக்கு அடிமையாக்கும் பொருள்) போதாமல் இன்னும் ஆழமாக இழுப்பீர்கள். பீடி பரவாயில்லை என்றும் சொல்ல முடியாது; அணையாமல் இருக்க அடிக்கடி இழுக்க வேண்டும். மெல்லும் புகையிலையில் புகை இல்லை, ஆனால் வாய்ப் புற்றுநோய் உண்டு. பாதுகாப்பான புகையிலை என்று எதுவும் கிடையாது.

உதிரியாக வாங்குபவரா நீங்கள்? பெட்டிக்கடைக்காரர் ஒரு சிகரெட்டை உருவிக் கொடுத்துவிட்டு, பாக்கெட்டைத் தன்னிடமே வைத்துக்கொள்வார். படமும் உங்கள் கண்ணில் படாது, அதில் அச்சிட்டிருக்கும் உதவி எண்ணும் படாது. அந்த எண்ணை இங்கே குறித்துக்கொள்ளுங்கள்: 1800-11-2356. கட்டணம் இல்லை. எப்படி விடுவது என்று ஆலோசகர் உங்களோடு பேசி வழி சொல்வார்.

விட்டால் என்ன ஆகும்? முதல் சில நாட்கள் எரிச்சல் வரும், தூக்கம் கெடலாம். பிடிக்க வேண்டும் என்ற தவிப்பு பெரும்பாலும் சில நிமிடங்களில் தணிந்துவிடும். அந்த நேரம் தண்ணீர் குடியுங்கள், கொஞ்சம் நடங்கள். சில வாரங்களில் தவிப்பு குறையும். ஓராண்டு தாக்குப்பிடித்தால், புகையிலையால் இதயநோய் வரும் கூடுதல் ஆபத்து ஏறக்குறைய பாதியாகிவிடும். பல வருடப் பழக்கமானாலும் விடுவதால் பலன் உண்டு.

பள்ளியிலோ அலுவலகத்திலோ புகையிலை பற்றி அறிவிப்பு எழுதப் போகிறீர்களா? பத்து விஷயங்களை அடுக்காதீர்கள். ஒரு தீங்கு, செய்ய வேண்டிய ஒரு காரியம், உதவி எண் ஆகிய மூன்றும் போதும். எல்லாச் சுவரிலும் அதையே எழுதுங்கள்.

வீட்டிலும் பேச்சு ஒன்றாக இருக்கட்டும். ‘புகை கெடுதல்’ என்று பிள்ளையிடம் சொல்லிவிட்டு, அவனையே பீடி வாங்கக் கடைக்கு அனுப்பாதீர்கள். 18 வயது ஆகாதவருக்கு விற்பதே குற்றம்.