மூடியில் ஒரு ஓட்டை: டேவிஸ்-பெஸ்ஸியில் யார் எதை நிரூபிக்க வேண்டியிருந்தது?



போன எபிசோடில் ஏஐ டேட்டா சென்டர்களுக்கெல்லாம் கரண்ட் எங்கிருந்து வரப்போகுதுன்னு பேசினோம். த்ரீ மைல் ஐலண்டில் மூடிக் கிடந்த யூனிட்டைத் திரும்ப ஓட்டி, அந்த மின்சாரத்தை 20 வருஷம் வாங்கிக்கொள்ள 2024 செப்டம்பரில் மைக்ரோசாஃப்ட் ஒப்பந்தம் போட்டதையும் சொன்னோம். அதுக்கப்புறம் வந்த கேள்விகளில் பாதி ஒரே கேள்விதான்: "சரி, இதையெல்லாம் யார் செக் பண்றாங்க?"

அமெரிக்காவில் அது என்.ஆர்.சி. என்கிற அரசு ஆணையம். அணுமின் நிலையத்துக்கு லைசென்ஸ் கொடுப்பதும், சோதனை போடுவதும், தேவைப்பட்டால் மூடச் சொல்வதும் அவர்கள் வேலை. ஆனால் இந்தப் பதில் போதாது. "செக் பண்றது" என்றால் நிஜத்தில் என்ன நடக்கிறது என்று புரிய ஒரு நிலையத்தின் கதையைச் சொல்கிறேன். டெட்ராய்ட் பக்கம் வளர்ந்தவர்கள் சீடர் பாயின்ட்டுக்கு ரோலர் கோஸ்டர் ஏறப் போயிருப்பீங்க. டொலீடோ தாண்டி ரூட் 2-ல் போகும்போது ஈரி ஏரிப் பக்கம் உயரமா ஒரு கூலிங் டவர் தெரியுமே, அதுதான் டேவிஸ்-பெஸ்ஸி. 1978-லிருந்து ஓடுகிறது.

முதலில் கொஞ்சம் பிளம்பிங். இந்த வகை ரியாக்டரை ஒரு ராட்சத பிரஷர் குக்கர் என்று நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே தண்ணீர் 300 டிகிரிக்கும் மேல் சூடாக இருக்கும். ஆனால் கொதிக்காது, ஏன்னா அழுத்தம் சுமார் 150 மடங்கு. மேலே போல்ட் போட்டு இறுக்கிய ஒரு மூடி, பதினாறு சென்டிமீட்டருக்கும் அதிகமான தடிமனுள்ள எஃகு. அதன் உட்பக்கம் துருப்பிடிக்காத எஃகில் ஒரு மெல்லிய பூச்சு, ஒரு சென்டிமீட்டர்கூட இருக்காது. பூச்சின் வேலை தண்ணீரை எஃகின் மேல் படாமல் தடுப்பது மட்டும்தான், அழுத்தத்தைத் தாங்குவது இல்லை. மூடியில் 69 துளைகள், ஒவ்வொன்றிலும் ஒரு குழாய். அணுப்பிளவை நிறுத்தும் கம்பிகள் இந்தக் குழாய்கள் வழியாகத்தான் இறங்கும்.

தண்ணீரில் போரிக் அமிலம் கலந்திருப்பார்கள், அது நியூட்ரான்களை உறிஞ்சிக்கொள்ளும். போரிக் அமிலம் உங்களுக்குப் புதுசு இல்லை. வீட்டில் கேரம் போர்டு மேல் அப்பா தூவுவாரே, அதே வெள்ளைப் பவுடர்தான். காய்ந்து கிடந்தால் சாதுவான பொருள். சூடான ஈரத்தோடு சேர்ந்து செறிவானால் சாதாரண எஃகை அரித்துத் தின்றுவிடும்.

இனி செக் பண்ணும் ஆட்கள். ஒவ்வொரு நிலையத்திலும் என்.ஆர்.சி.யின் சொந்த இன்ஸ்பெக்டர்கள் அங்கேயே ஆபீஸ் போட்டு உட்கார்ந்திருப்பார்கள். சம்பளம் அரசாங்கத்துடையது, எந்தக் கதவையும் திறந்து போகலாம். கம்பெனி ஆட்களோடு ரொம்ப ஒட்டிவிடக் கூடாது என்று ஏழு வருஷத்துக்கு மேல் ஒரே இடத்தில் வைக்க மாட்டார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஆயிரக்கணக்கான வால்வு, பம்பு, கேபிள் உள்ள இடத்தில் கையளவு ஆட்கள் எல்லாத்தையும் பார்க்க முடியாது. சாம்பிள் எடுத்துத்தான் பார்க்கிறார்கள். மீதியைக் கம்பெனியே சோதித்து, கம்பெனியே எழுதி வைக்கும். அதாவது ஒழுங்குமுறை ஆணையம் பெரும்பாலும் பார்ப்பது இயந்திரத்தை அல்ல, இயந்திரத்தைப் பற்றிய பேப்பரை. சாஃப்ட்வேர் ஆடிட் பார்த்தவர்களுக்கு இது நன்றாகவே புரியும்.

2001 தொடக்கத்தில் சவுத் கரோலினாவின் ஒகோனி நிலையத்தில், இந்த மூடிக் குழாய்களில் சுற்றுவாக்கில் விரிசல் கண்டுபிடித்தார்கள். நீளவாக்கில் விரிசல் விட்டால் தண்ணீர் கசியும், அவ்வளவுதான். சுற்றுவாக்கில் விட்டால் குழாயே பிய்த்துக்கொண்டு மேலே பறக்கலாம். உடனே ஆகஸ்ட் மாதம் என்.ஆர்.சி. இந்த வகை ரியாக்டர் உள்ள எல்லா நிலையங்களுக்கும் கடிதம் அனுப்பியது: உங்கள் மூடியை எப்படிச் சோதித்தீர்கள், என்ன பார்த்தீர்கள், சொல்லுங்கள். விரிசல் வர வாய்ப்பு அதிகமுள்ள நிலையங்கள் டிசம்பர் 31-க்குள் சோதிக்க வேண்டும். டேவிஸ்-பெஸ்ஸி அந்தப் பட்டியலில் இருந்தது.

இங்கேதான் இழுபறி ஆரம்பம். மூடியைச் சோதிக்க ரியாக்டரை நிறுத்த வேண்டும். டேவிஸ்-பெஸ்ஸி எரிபொருள் மாற்ற நிறுத்துவது இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, அடுத்தது 2002 மார்ச் கடைசியில். நடுவில் நிறுத்தினால் பெரிய நஷ்டம். அதனால், அப்போது நிலையத்தை நடத்திய ஃபர்ஸ்ட்எனர்ஜி குழுமம் மார்ச் வரை விடுங்கள் என்று கேட்டது. என்.ஆர்.சி. ஊழியர்கள் கட்டாயமாக மூடச் சொல்லும் உத்தரவையே வரைந்து வைத்திருந்தார்கள். அது வெளியே போகவில்லை. கடைசியில் பேரம் பிப்ரவரி 16-ல் முடிந்தது. கம்பெனி கேட்டதைவிடக் கொஞ்சம் முன்னாடி, என்.ஆர்.சி. சொன்னதைவிட ஆறரை வாரம் பின்னாடி.

நிலையம் நின்றது. மூன்று குழாய்களில் சுவரைத் துளைத்த விரிசல் இருப்பது தெரிந்தது. மார்ச் முதல் வாரத்தில் 3-ஆம் எண் குழாயைச் சரி செய்துகொண்டிருந்தபோது, அசையவே கூடாத அந்தக் குழாய் சாய்ந்தது. ஏன்னு பார்த்தால், பக்கத்தில் அதைப் பிடித்துக்கொள்ள எஃகே இல்லை. பதினாறு சென்டிமீட்டர் எஃகை அமிலம் முழுசா அரித்து, ஒரு அன்னாசிப்பழம் உட்காரும் அளவுக்குக் குழி போட்டிருந்தது. அந்த இடத்தில் உள்ளே இருந்த 150 மடங்கு அழுத்தத்தைத் தாங்கிக்கொண்டிருந்தது அடியிலிருந்த மெல்லிய பூச்சு மட்டும். அதுவும் மேல்நோக்கி உப்பியிருந்தது.

பூச்சு கிழிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அவசரகாலப் பம்புகள் தண்ணீர் ஊற்றியிருக்கும், அதற்காகத்தான் அவை இருக்கின்றன. ஆனால் அந்த நிலையத்தின் உயர் அழுத்தப் பம்புகள் குப்பை கலந்த தண்ணீரில் பழுதாகக்கூடும் என்று பிறகு தோண்டியபோது தெரிந்தது. 1979 த்ரீ மைல் ஐலண்ட் விபத்துக்குப் பிறகு அமெரிக்காவில் மயிரிழையில் தப்பிய சம்பவங்களில் மிகத் தீவிரமான ஒன்றாக இதை வைக்கிறார்கள்.

இவ்வளவு பெரிய குழி ஒரே ராத்திரியில் வருவதில்லை. பல வருஷமாக நிலையமே சொல்லிக்கொண்டிருந்தது. கட்டடத்துக்குள் காற்றில் கதிர்வீச்சு இருக்கிறதா என்று பார்க்கும் கருவியின் ஃபில்டரை வழக்கமாக மாதம் ஒருமுறை மாற்றினால் போதும். 1999-ல் அது அடிக்கடி அடைக்க ஆரம்பித்தது. 2001 நவம்பரில் ஒருநாள் விட்டு ஒருநாள் மாற்றினார்கள். அதில் படிந்தது பழுப்பு நிறத் தூள். ஆய்வகத்துக்கு அனுப்பினால், இரும்புத் துரு என்று பதில் வந்தது. காற்றைக் குளிர்விக்கும் கருவிகளில் போரிக் அமிலம் படிந்து, திரும்பத் திரும்பக் கழுவினார்கள். மூடியைச் சுற்றியிருந்த உறையின் அடியில் சின்னச் சின்னத் திறப்புகள்தான். அதன் வழியாக மூடியின் உச்சியைச் சரியாகப் பார்க்கவும் முடியாது, கழுவவும் முடியாது. பெரிய திறப்பு வெட்டலாம் என்று 1990-லேயே யோசனை வந்தது, ஒவ்வொரு தடவையும் தள்ளிப்போட்டார்கள். 2000-இல் எடுத்த ஒரு படம் இருக்கிறது. மூடியின் ஓரத் திறப்புகளிலிருந்து எரிமலைக் குழம்பு மாதிரி செக்கச் செவேலென்று வழிந்து உறைந்திருக்கும். போரிக் அமிலம் வெள்ளை. சிவப்பாக இருந்தால் அதில் துரு கலந்திருக்கிறது என்று பத்தாம் வகுப்புப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். 2001 இறுதியில் தேதியைப் பற்றிப் பேரம் நடந்தபோது, முடிவெடுத்தவர்களின் மேசையில் அந்தப் படம் இல்லை.

காற்றுக் கருவியைக் கழுவியது ஒரு டீம், ஃபில்டர் மாற்றியது இன்னொரு டீம், மூடியைப் பார்த்தது மூன்றாவது டீம். ஒவ்வொருத்தருக்கும் அவங்க டிக்கெட்டை மூடினால் வேலை முடிஞ்சது. மூடி சூடாக இருப்பதால் அமிலம் காய்ந்தே கிடக்கும், அதனால் ஆபத்தில்லை என்ற நம்பிக்கை வேறு. அந்தக் காலத்தில் என்.ஆர்.சி.யின் மதிப்பீட்டு முறையில் பச்சை, வெள்ளை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் கொடுப்பார்கள் (இப்பவும்தான்). குழி கண்டுபிடிக்கும் வரை டேவிஸ்-பெஸ்ஸியின் டாஷ்போர்டு பச்சை. நல்ல மாணவன் என்று பெயரெடுத்ததால் கவனமும் கொஞ்சம் குறைவாகவே கிடைத்தது. சிவப்பு 2003-ல்தான் வந்தது. என் வேலையில் வாரம் ஒரு பச்சை டாஷ்போர்டாவது பார்க்கிறேன். எதை அளக்கிறோமோ அது பச்சையாக இருக்கிறது என்பதைத் தாண்டி அது எதையும் சொல்வதில்லை.

எனக்கு இந்தக் கதையில் மிக முக்கியமாகப் படுவது துரு அல்ல, நவம்பர் மாத வாதம். கம்பெனி நிரூபிக்க வேண்டியது "பாதுகாப்பாக இருக்கிறது" என்பதையா, இல்லை ஆணையம் நிரூபிக்க வேண்டியது "ஆபத்தாக இருக்கிறது" என்பதையா? சட்டப்படி, பொதுமக்களின் பாதுகாப்புக்கு நியாயமான உறுதி இல்லை என்றாலே ஆணையம் நிறுத்தச் சொல்லலாம். ஆனால் 2002 டிசம்பரில் என்.ஆர்.சி.யின் இன்ஸ்பெக்டர் ஜெனரல் அலுவலகம் கொடுத்த அறிக்கை வேறு மாதிரி சொன்னது: ஆணையம் தனக்குத் தானே எழுதப்படாத ஒரு விதியை வைத்துக்கொண்டது, ஆபத்து இருக்கிறது என்று முழுசாக நிரூபித்தால்தான் மூடுவோம் என்று. கம்பெனிக்குச் செலவைக் குறைக்கும் எண்ணமும் அந்த முடிவில் பெரிய பங்கு வகித்தது என்றும் எழுதினார்கள். இதில் ஒரு வேடிக்கை பாருங்க. மூடியைத் திறந்து பார்க்காமல் ஆபத்தை நிரூபிக்க முடியாது. நிறுத்தாமல் பார்க்க முடியாது. நிரூபிக்காமல் நிறுத்த முடியாது.

டெப்ளாய்மென்ட்டுக்கு முந்தின நாள் மீட்டிங்கில் இதே கேள்வியை நீங்களும் கேட்டிருப்பீங்க. "ஓடும்னு யாராவது காட்டுங்க" என்று கேட்பதும், "உடையும்னு உன்னால காட்ட முடியுமா?" என்று கேட்பதும் வேறு வேறு கம்பெனிகள். அறையில் யார் எதைக் காட்ட வேண்டியிருக்கிறது என்பதைப் பார்த்தாலே மீட்டிங் எப்படி முடியும்னு சொல்லிடலாம்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நிலையம் இரண்டு வருஷம் நின்றது, 2004 மார்ச்சில்தான் திரும்ப ஓடியது. 2005-ல் என்.ஆர்.சி. 54.5 லட்சம் டாலர் அபராதம் போட்டது. 2006-ல், சோதனை பற்றி ஆணையத்துக்கு ஊழியர்கள் பொய்யான தகவல் கொடுத்ததை ஒப்புக்கொண்டு கம்பெனி 2.8 கோடி டாலர் கட்டியது. கெட்டுப்போன மூடிக்குப் பதிலாக, மிச்சிகனின் மிட்லண்டில் பாதியில் கைவிட்ட ஒரு நிலையத்தின் மூடியைக் கொண்டுவந்து போட்டார்கள்.

நிலையம் நின்றுகிடந்த அந்தக் காலத்தில்தான், நம்ம தொழில் சம்பந்தப்பட்ட இன்னொன்றும் அங்கே நடந்தது. 2003 ஜனவரி 25, ஸ்லாம்மர் வார்ம் உலகம் முழுக்கப் பரவிய நாள். டேவிஸ்-பெஸ்ஸியின் ஃபயர்வால் அதைத் தடுத்திருக்கும். ஆனால் ஒரு கான்ட்ராக்டரின் நெட்வொர்க்கிலிருந்து கம்பெனி நெட்வொர்க்குக்கு நேரடியாக ஒரு டி1 லைன் போயிருந்தது, ஃபயர்வாலைச் சுற்றிக்கொண்டு. வார்ம் அந்த வழியாக வந்தது. ரியாக்டரின் பாதுகாப்பு அளவுகளைக் கன்ட்ரோல் ரூமில் காட்டும் கம்ப்யூட்டர் திரை கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம் செயலிழந்தது. பழைய அனலாக் மீட்டர்கள் அப்படியே ஓடின, ரியாக்டரும் நின்றுதான் கிடந்தது, அதனால் பிழைத்தார்கள். அந்த ஓட்டையை அடைக்கும் பேட்ச்சை மைக்ரோசாஃப்ட் ஆறு மாசத்துக்கு முன்னாடியே வெளியிட்டிருந்தது. யாரும் போடவில்லை.

மூடிக்குச் சோதனை விதிகள் இருந்தன. டி1 லைனுக்கு அப்படி எதுவும் இல்லை. அணுமின் நிலையங்களின் கம்ப்யூட்டர் பாதுகாப்பைக் கட்டாயமாக்கும் முழு விதி 2009-ல்தான் வந்தது. 2019-ல் கூடங்குளத்தில் நிர்வாக நெட்வொர்க்கில் இருந்த ஒரு கம்ப்யூட்டரில் மால்வேர் வந்தபோது, நிலையம் முதல் நாள் மறுத்தது, மறுநாள் இந்திய அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. கட்டுப்பாட்டு அமைப்புகள் தனி நெட்வொர்க்கில் இருப்பதால் பாதிப்பில்லை என்றார்கள். தனியாக இருப்பது நிஜமாக இருக்கலாம். ஆனால் நானும் கான்ட்ராக்டர்தான், எந்த ஆபீஸிலும் என் லேப்டாப்புக்கு ஒரு "தற்காலிக" லைன் கிடைத்துவிடும். அது எப்போது துண்டிக்கப்படும் என்று நான் கேட்டால்தான் தெரியும். அதனால் இப்போதெல்லாம் கேட்டுவிடுகிறேன்.

மிட்லண்ட் மூடி என்ன ஆச்சு? 2010-ல் எரிபொருள் மாற்ற நிறுத்தியபோது அல்ட்ராசவுண்ட் வைத்துப் பார்த்தார்கள். மறுபடி குழாய்களில் விரிசல். இந்த முறை குழி விழுவதற்கு முன்பே பிடித்தார்கள், பழுது பார்த்தார்கள், 2011-ல் புது உலோகக் குழாய்கள் கொண்ட புது மூடி போட்டார்கள். லைசென்ஸ் 2037 வரை இருக்கிறது. இன்ஸ்பெக்டர்களின் அறிக்கைகள் என்.ஆர்.சி. தளத்தில் யாரும் படிக்கலாம். மொழி வறட்சியாகத்தான் இருக்கும். படித்துப் பார்த்துவிட்டு, எந்த ஃபில்டரை எத்தனை நாளைக்கு ஒருமுறை மாற்றுகிறார்கள் என்று கண்ணில் பட்டால் எனக்கு எழுதுங்க.